பழைய டீசல் பிக்கப்பின் ஆட்டோ கியர்பாக்ஸ்: கையில் இருக்கும் காசுக்கு எதை முதலில் செய்வது?

கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது தெரியும். கயிற்றை இறுகப் பிடித்திருக்கும்வரை உள்ளங்கைக்கு ஒன்றும் ஆகாது. குடம் எவ்வளவு கனத்தாலும் தோள்தான் வலிக்கும். பிடி தளர்ந்து கயிறு ஒரு முழம் வழுக்கினால் போதும், கை எரிந்துவிடும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கெடுவதும் இப்படித்தான். சுமையை விட வழுக்கல்தான் அதைக் கொல்கிறது. வழுக்கினால் சூடு. சூடானால் ஆயில் கெடும். ஆயில் கெட்டால் பிடி இன்னும் தளரும். குறைந்த செலவில் கியர்பாக்ஸைப் பலப்படுத்த நினைக்கிறவர் இந்தச் சுழலை எந்த இடத்தில் அறுப்பது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பளபளக்கும் பாகங்களின் பட்டியல் அப்புறம்.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது என்பதால் ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் 1996 முதல் 2002 வரை வந்த டாட்ஜ் ராம் 2500, 3500 பிக்கப். உள்ளே 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின். அதன் பின்னால் 47ஆர்இ என்ற நாலு கியர் ஆட்டோ. என்னிடம் இருப்பதும் இந்த வகையில் 2001-ஆம் ஆண்டு வண்டிதான். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இந்த எஞ்சின் லட்சக்கணக்கான மைல் ஓடும். அதை நம்பித்தான் இருபது வயது தாண்டிய வண்டிகளைக் குதிரை டிரெய்லர் இழுக்கவும் வைக்கோல் கட்டு ஏற்றவும் இன்றைக்கும் வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு செலவு வைப்பது பெரும்பாலும் கியர்பாக்ஸ்.

பெயரிலேயே அதன் ஜாதகம் இருக்கிறது. 4 என்றால் நாலு முன்கியர். 7 என்பது தாங்கும் திறனின் படிநிலை. ஆர் என்றால் பின்சக்கர இழுவை. இ என்றால் மின்னணுக் கட்டுப்பாடு. வம்சம் மிகப் பழையது. 1962-இல் கிறைஸ்லர் கொண்டுவந்த 727 என்ற மூன்று கியர் பெட்டிக்குப் பின்னால் ஒரு ஓவர்டிரைவ் கியரை (நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சினை மெதுவாகச் சுற்றவிடும் மேல் கியர்) சேர்த்ததுதான் அடிப்படை அமைப்பு. பெட்ரோல் கார்களுக்குப் பிறந்த வம்சம் டீசல் இழுவையைச் சுமக்கிறது. அதன் எல்லை எங்கே என்பதை விற்ற விதத்திலேயே பார்க்கலாம். 2001, 2002-ஆம் ஆண்டுகளில் அதிக சக்தி கொண்ட 245 குதிரைத்திறன், 505 பவுண்டு-அடி முறுக்குவிசை எஞ்சினை ஆறு கியர் மேனுவலோடு மட்டும்தான் கொடுத்தார்கள். ஆட்டோ கேட்டவருக்கு 235, 460 கொண்ட எஞ்சின்தான். அப்படிப்பட்ட பெட்டியின் முன்னால் உள்ள எஞ்சினுக்கு சக்தி கூட்டும் சிப் ஒன்றை மாட்டிவிட்டு, “கியர்பாக்ஸ் போய்விட்டதே” என்று வருத்தப்படுகிறவர்கள் ஏராளம்.

உள்ளே என்ன நடக்கிறது?

கிளட்ச் மிதித்து ஓட்டிப் பழகியவருக்கு முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: மிதிக்கக் கிளட்சே இல்லையே, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டி எப்படி நிற்கிறது? ஒரு பாத்திரத்தில் பாலை ஊற்றிக் கரண்டியால் வேகமாகச் சுழற்றிப் பாருங்கள். மேலே மிதக்கும் ஏலக்காய்த் தோலும் சேர்ந்து சுற்றும். கரண்டி அதைத் தொடுவதே இல்லை, பால்தான் இழுத்துப்போகிறது. டார்க் கன்வெர்ட்டர் செய்யும் வேலை அதுதான். எஞ்சினோடு சுற்றும் இறக்கைகள் ஆயிலைச் சுழற்றுகின்றன, அந்த ஆயில் எதிரே இருக்கும் இறக்கைகளைச் சுற்றுகிறது. மெதுவாகச் சுழற்றினால் எதிர்ப்பக்கம் நகராது, அதனால் சிக்னலில் வண்டி நிற்க முடிகிறது. நடுவே ஸ்டேட்டர் என்ற இன்னொரு சிறு சக்கரம் ஆயிலின் திசையைத் திருப்பிவிடுவதால் வண்டி கிளம்பும் நேரத்தில் முறுக்குவிசை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. கனமான டிரெய்லரோடு ஆட்டோ வண்டி அலுங்காமல் நகர்வது இதனால்தான்.

ஆனால் பாலும் ஏலக்காயும் ஒருபோதும் ஒரே வேகத்தில் சுற்றாது. அந்த வித்தியாசம் முழுக்க சூடாக மாறுகிறது. நெடுஞ்சாலையில் அந்த வீணடிப்பு வேண்டாம் என்பதற்காகக் கன்வெர்ட்டருக்குள் ஒரு கிளட்ச் தட்டு வைத்திருக்கிறார்கள். வேகம் வந்ததும் அது இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துவிடும். இதற்கு லாக்-அப் என்று பெயர். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் பல்சக்கரங்களில் எது சுற்ற வேண்டும், எது நிற்க வேண்டும் என்பதைக் கிளட்ச் தட்டுக் கட்டுகளும் டிரம்மைச் சுற்றி இறுகும் பட்டைகளும் முடிவுசெய்கின்றன. பட்டை என்பதை பேண்ட் என்றே ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்கள்.

இந்தத் தட்டுகளையும் பேண்டுகளையும் இறுக்குவது ஆயிலின் அழுத்தம். அந்த அழுத்தத்தைத் தரும் பம்பைச் சுற்றுவது எஞ்சின். எஞ்சின் வேகமாகச் சுற்றினால் பம்ப் நிறைய ஆயிலைத் தள்ளும். பெட்ரோல் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதுதான் முழு பலத்தையும் காட்டும் என்பதால் அங்கே கணக்கு ஒத்துப்போகிறது. டீசல் அப்படியில்லை. நிமிடத்துக்குச் சுமார் 1,500 சுற்றிலேயே இந்த கம்மின்ஸ் தன் முழு முறுக்குவிசையையும் கொடுத்துவிடும். பம்ப் மெதுவாகச் சுற்றுகிற நேரத்தில் எஞ்சின் மிகப் பலமாக முறுக்குகிறது. குடம் நிறைந்து கனக்கும் நேரம் பார்த்து விரல்கள் தளர்வது போல. இந்த ஒரு முரணைப் புரிந்துகொண்டால் கீழே நான் சொல்லப்போகும் வரிசை தானாகவே விளங்கும்.

காசே செலவாகாத வேலைகள்

முதலில் ஆயில் அளவு. மிகையாகச் சொல்லவில்லை, இதைத் தவறாகப் பார்த்துப் பார்த்தே பல பெட்டிகள் பாழாகின்றன. பல ஆட்டோ வண்டிகளில் பார்க்கில் வைத்து ஆயில் பார்ப்பார்கள். இந்தப் பெட்டியில் பார்க் நிலையில் கன்வெர்ட்டருக்கு ஆயில் போகாது. அதனால் எஞ்சினை ஓடவிட்டு, சூடேறிய பிறகு, கைபிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்துத்தான் குச்சியை இழுத்துப் பார்க்க வேண்டும். பார்க்கில் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். “போதுமான ஆயில் இருக்கிறது” என்று நினைத்துக் குறைவாக ஓட்டுவோம். பனிக்காலக் காலையில் பார்க்கிலேயே பத்து நிமிடம் ஓடவிட்டு வண்டியைச் சூடாக்கும் பழக்கமும் இதே காரணத்தால் கெடுதல். கன்வெர்ட்டரும், ஆயிலை ஆறவைக்கும் கூலரும் அத்தனை நேரமும் புது ஆயில் வராமல் கிடக்கும். நியூட்ரலில் வைத்துச் சூடாக்குங்கள்.

அடுத்தது திராட்டில் வால்வு கேபிள். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இந்தக் கேபிளும் இழுபட்டு, கியர்பாக்ஸுக்குள் அழுத்தத்தைக் கூட்டும். அது தொய்ந்திருந்தால் எஞ்சின் முழு பலத்தில் முறுக்கும்போது பெட்டி அரைப் பிடியில் பிடித்துக்கொண்டிருக்கும். கேபிளைச் சரிசெய்ய ஒரு ஸ்குரூடிரைவரும் கால் மணி நேரமும் போதும். கியர் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் இறுக்கமாக விழும்படி வைப்பது நல்லது. வெண்ணெய் போல வழுவழுவென்று கியர் மாறுவது காரில் சுகம். சுமை இழுக்கும் வண்டியில் அந்த வழுவழுப்பு என்பது தட்டு வழுக்கும் நேரம்தான்.

மூன்றாவது பேண்டுகள். முன் பேண்டுக்கான திருகு பெட்டிக்கு வெளியே இடது பக்கம் இருக்கிறது. 47ஆர்இ-க்கு 72 அங்குல-பவுண்டு இறுக்கிவிட்டு ஒன்றே முக்கால் சுற்றும் இன்னொரு அரைக்கால் சுற்றும், அதாவது 1 7/8 சுற்று, தளர்த்த வேண்டும். பின் பேண்ட் ஆயில் பானுக்கு (பெட்டியின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) உள்ளே இருப்பதால் ஆயில் மாற்றும்போது அதைச் சேர்த்துச் செய்யலாம். அதற்கும் அதே 72 இறுக்கம், பிறகு 3 சுற்று தளர்த்தல். உங்கள் வண்டியின் ஆண்டுக்குரிய சர்வீஸ் கையேட்டோடு இந்த எண்களை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதே குடும்பத்தின் மற்ற பெட்டிகளுக்குச் சுற்றுக் கணக்கு மாறும்.

இன்னொன்று, 1998 நடுவிலிருந்து வந்த, எஞ்சினில் 24 வால்வு கொண்ட வண்டிகளுக்கு. மணிக்கு 45 மைல் வாக்கில் லாக்-அப் போடுவதும் எடுப்பதுமாக வண்டி தடுமாறினால் உடனே கன்வெர்ட்டரைக் குறை சொல்லாதீர்கள். ஆல்டர்னேட்டரில் டையோடு ஒன்று கெட்டால் மாறுமின்னோட்டம் வண்டியின் வயர்களுக்குள் கசியும். ஆக்சிலரேட்டர் சென்சாரின் சிக்னலில் அது இரைச்சலாகக் கலந்து, கால் ஆடாமல் இருக்கும்போதும் ஆடுகிறது என்று கம்ப்யூட்டரை நம்பவைக்கும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, எஞ்சினும் விளக்குகளும் ஓட, பேட்டரி முனைகளில் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டர்மேல்தான் சந்தேகம். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு ஒர்க்‌ஷாப்பின் பேச்சைக் கேட்டு முழு கியர்பாக்ஸையும் மாற்றினார். புதுப் பெட்டியும் அதே 45 மைலில் அதே மாதிரி தடுமாறியது. பிறகுதான் மீட்டரை வைத்துப் பார்த்தார்கள்.

வழுக்குகிறதா என்பதை ஒரு கணக்கில் கண்டுபிடிக்கலாம்

காகிதமும் பேனாவும் எடுங்கள். என் வண்டியின் டயர் 265/75ஆர்16, விட்டம் சுமார் 31.6 அங்குலம். மணிக்கு 65 மைலில் அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 691 முறை சுற்றும். பின் ஆக்சில் விகிதம் 3.55. ஓவர்டிரைவ் விகிதம் 0.69. மூன்றையும் பெருக்கினால் 1,693 வரும். அதாவது லாக்-அப் முழுதாகப் பிடித்திருந்தால் எஞ்சின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டர் 1,700-ஐ ஒட்டி நிற்க வேண்டும். சமதரையில் 65-இல் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை மெதுவாக இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள். வேகமும் சுற்றும் சேர்ந்தே ஏற வேண்டும். வேகம் அப்படியே இருக்க முள் மட்டும் 1,900-க்குத் தாவினால் இரண்டில் ஒன்று: லாக்-அப் விட்டுவிட்டது, அல்லது வழுக்குகிறது. டயர் அளவும் ஆக்சில் விகிதமும் உங்களுடையதைப் போட்டுக் கணக்கிட்டு, விடையை ஒரு சீட்டில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். பழைய வண்டி வாங்கப் போகும்போதும் இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

முதல் சில நூறு டாலர்

காசு செலவழிக்க ஆரம்பித்தால் முதலில் ஆயிலும் ஃபில்டரும். இந்தப் பெட்டிக்கு ஏடிஎஃப்+4 என்ற வகைதான். பானைக் கழற்றும் வேலை கொஞ்சம் அசிங்கமானது. கம்பெனி போட்ட பானில் வடிகால் திருகு இல்லாததால், போல்ட்டுகளை ஒரு மூலையில் தளர்த்திச் சாய்த்துத்தான் வடிக்க வேண்டும். முழங்கைவரை வழிந்தே தீரும். ஆனால் பானைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்க்கும் அந்த ஐந்து நிமிடத்தில் பெட்டியின் வரலாறே தெரிந்துவிடும். ஆயிலை விரலில் தொட்டு முகருங்கள். நல்ல ஆயில் சிவந்து, லேசான எண்ணெய் வாசத்தோடு இருக்கும். பழுப்பேறி, அடிப்பிடித்த பால் மாதிரி கருகிய வாடை வந்தால் தட்டுகள் வெந்திருக்கின்றன. பானின் அடியில் ஒரு காந்தம் இருக்கும். அதன்மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை படிந்திருப்பது சாதாரணத் தேய்மானம். ஊசி ஊசியாகவோ செதில் செதிலாகவோ இரும்பு இருந்தால் பல்சக்கரமோ பேரிங்கோ உடைகிறது. கறுப்புத் துகள் கைநிறைய வந்தால் கிளட்ச் தட்டின் மேற்பூச்சு உதிர்ந்துவிட்டது. கடைசி இரண்டில் எது இருந்தாலும் இனி மேலோட்டமான வேலைக்கு ஒரு டாலர்கூடச் செலவழிக்காதீர்கள். அந்தக் காசைப் பெட்டியைப் பிரிக்கும் நாளுக்குச் சேர்த்துவையுங்கள்.

பான் கீழே இருக்கும்போதே கவர்னர் பிரஷர் சோலனாய்டையும் (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) அதன் சென்சாரையும் ஜோடியாக மாற்றிவிடலாம். கியர் எப்போது மாற வேண்டும் என்பதை முடிவுசெய்யும் அழுத்தம் இவற்றின் கையில். கெட்டால் கியர் கண்டபடி விழும். வடிகால் திருகு ஒன்றையும் பானில் பொருத்திக்கொள்ளுங்கள். பெரிய அலுமினியப் பான் வாங்கச் சொல்வார்கள். அழகாகத்தான் இருக்கும், ஆயிலும் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் அதே காசை வெப்பமானியிலும் கூலரிலும் போடுவதுதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

வெப்பமானி இல்லாமல் டிரெய்லர் இழுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு அடுப்பில் பால் வைப்பது போல. ஆயில் 175 டிகிரி ஃபாரன்ஹீட் வாக்கில், நம் கணக்கில் 80 டிகிரி செல்சியஸ், இருந்தால் நிம்மதி. 240-ஐத் தாண்டினால் ஆயில் வேகமாகக் கெட ஆரம்பிக்கும். சென்சாரைப் பானில் வைத்தால் கலந்து ஆறிய ஆயிலின் சராசரிதான் தெரியும். கூலருக்குப் போகும் சூடான குழாயில் வைத்தால் கன்வெர்ட்டரிலிருந்து வரும் சூடு உடனே தெரியும், முள்ளும் அதிகம் துள்ளும். ஒன்றுதான் வைக்க முடியுமென்றால் நான் சூடான குழாயைத் தேர்ந்தெடுப்பேன். மலை ஏறும்போது முள் ஏறுவதைப் பார்த்தவுடனே ஓவர்டிரைவ் பட்டனை அணைத்து மூன்றாம் கியருக்கு வந்துவிடலாம். மூன்றாவது நேர் விகிதம். ஓவர்டிரைவின் சிறிய தட்டுக் கட்டுக்கு ஓய்வு, பம்பும் வேகமாகச் சுற்றும், அழுத்தமும் கூடும். அந்தப் பட்டன் ஏற்கெனவே உங்கள் வண்டியில் இருக்கிறது. சிப் மாட்டியிருந்தால் சுமை இழுக்கும் நாளில் அதையும் அணைத்துவிடுங்கள்.

வால்வு பாடி, அப்புறம் கன்வெர்ட்டர்

வால்வு பாடி என்பது கியர்பாக்ஸின் மூளை. ஆயிலை எந்தக் கால்வாயில், எவ்வளவு அழுத்தத்தில் அனுப்புவது என்று பிரித்துவிடும் மடைப் பலகை. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது மடையைக் கொஞ்சம் அகலமாகத் திறந்தால் பாத்தி சீக்கிரம் நிறையும் அல்லவா? ஷிஃப்ட் கிட் என்று விற்பது அதைத்தான் செய்கிறது. சில ஸ்பிரிங்குகள், சில வால்வுகள், சில துளைகளைப் பெரிதாக்க ஒரு டிரில் பிட். அழுத்தம் கூடுகிறது, தட்டுகள் சட்டென்று பிடிக்கின்றன. சில கிட்டுகள் பார்க்கிலும் கன்வெர்ட்டருக்கு ஆயில் போகும்படி வழியைத் திருத்திவிடுகின்றன. ஒரு சனிக்கிழமை, சுத்தமான மேசை, நிறையப் பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். பிரிக்கும்போது சிறு எஃகு உருண்டைகள் உதிரும். ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுத்துக்கொண்டே போங்கள், எந்த உருண்டை எந்தக் குழியில் என்பது நினைவில் நிற்காது. பலனை வைத்துப் பார்த்தால் டாலருக்கு டாலர் இதற்கு நிகரான வேலை இந்தப் பெட்டியில் வேறு இல்லை.

கன்வெர்ட்டர்தான் பெரிய செலவு. நல்லதொன்று ஆயிரம் டாலரைத் தாண்டும், பல தட்டுகள் கொண்டதென்றால் இன்னும் மேலே போகும். கம்பெனி கன்வெர்ட்டரில் லாக்-அப் தட்டு ஒன்றுதான். அதன் முன்மூடி அழுத்தப்பட்ட தகடு. அழுத்தத்தைக் கூட்டினால் மூடி உப்பி வளையும், தட்டு முழுப்பரப்பிலும் ஒட்டாமல் ஓரத்தில் மட்டும் பிடிக்கும். அதனால்தான் கனமான எஃகில் கடைந்த மூடியோடு விற்கிறார்கள். டிரெய்லர் இழுப்பதுதான் நோக்கம் என்றால் கனமூடியும் நல்ல ஒற்றைத் தட்டும் கொண்டது பெரும்பாலும் போதும். மூன்று தட்டுக் கன்வெர்ட்டர் எஞ்சின் சக்தியை நிறையக் கூட்டியவர்களுக்கு. அவ்வளவு இறுக்கமாகப் பிடித்தால் அடுத்த பலவீனமான இடம், கன்வெர்ட்டரிலிருந்து பெட்டிக்குள் சக்தியைக் கொண்டுபோகும் தண்டான இன்புட் ஷாஃப்ட். வழுக்கல் நின்றால் முறிவு ஆரம்பிக்கும், அப்போது பலமான ஷாஃப்டும் வாங்க வேண்டிவரும். லாக்-அப்பைக் கையால் போடும் ஸ்விட்ச்சை மாட்டியவர்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும். லாக்-அப்பை விடாமல் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிப்பதும், அப்படியே பிரேக் போட்டு நிறுத்துவதும் ஷாஃப்டை முறுக்கிப் பார்ப்பதற்குச் சமம்.

வால்வு பாடியைத் தொடாமல் கன்வெர்ட்டரை மட்டும் மாற்றாதீர்கள். அழுத்தம் இல்லாத பெட்டியில் விலையுயர்ந்த தட்டும் மலிவான தட்டு போலத்தான் எரியும்.

ஏற்கெனவே எரிந்துவிட்ட பெட்டி என்றால்? பழைய வண்டிகள் குவிந்த யார்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்னொரு 47ஆர்இ-யை வாங்கிப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வண்டி எதனால் யார்டுக்கு வந்தது என்று யாருக்கும் தெரியாது. உங்கள் பெட்டியைப் பிரித்து, நல்ல தட்டுகள், புது சீல்கள், முன் பேண்டுக்குப் பலமான முட்டு வைத்து மறுபடி கட்டுவது காசுக்கு ஏற்ற வழி. கழற்றி மாட்டும் உழைப்பை நீங்களே செய்து, உள்வேலையை மட்டும் அனுபவசாலியிடம் கொடுத்தாலும் பெரிய தொகை மிஞ்சும். பழைய கூலரைக் கழுவி மறுபடி பயன்படுத்தாதீர்கள். எரிந்த தட்டுத் துகள் அதன் இடுக்குகளில் ஒளிந்திருந்து புதுப் பெட்டிக்குள் வந்து சேரும். எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் வெப்பமாற்றியையும் குழாய்களையும் மறந்துவிட வேண்டாம்.

மாட்டும்போது ஒரு இடத்தில் உயிரைக் கொடுத்துக் கவனியுங்கள். கன்வெர்ட்டரை ஷாஃப்டில் ஏற்றிச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும். ‘டக்’ என்று ஒரு படி இறங்கும். மறுபடி சுழற்றினால் இன்னொரு ‘டக்’. இறங்கிவிட்டது என்று தோன்றினாலும் விடாமல் சுழற்றுங்கள், கடைசியாகப் பம்பின் கியரில் அமரும்போது இன்னும் ஒரு படி இறங்கும். அந்தக் கடைசிப் படி இறங்காமல் பெட்டியை எஞ்சினோடு வைத்துப் போல்ட் முறுக்கினால் பம்ப் நொறுங்கிவிடும், வண்டி ஒரு அடி ஓடும் முன்பே. பெட்டி எஞ்சினோடு கைவிரலால் தள்ளும் பலத்திலேயே ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் சுழல வேண்டும். சுழலவில்லையென்றால் போல்ட்டை முறுக்காமல் பின்னால் இழுங்கள்.

ஆயில் ஊற்றி, நியூட்ரலில் அளவு பார்த்து, முதல் சில நாள் டிரெய்லர் இல்லாமல் ஓட்டுங்கள். 500 மைல் ஆனதும் பானை மறுபடி இறக்கிக் காந்தத்தைப் பாருங்கள். புதுத் தட்டுகள் பழகியதன் மெல்லிய சாம்பல் பசை இருக்கும். அதைத் துணியால் துடைத்துவிட்டு, காந்தத்தை அதன் இடத்தில் வைத்துப் பானை மூடுங்கள்.